இடது கன்னத்தில் மணி ஐந்தரை

முகத்தை நேராக வைத்துக்கொள்ளச் சொன்னால் பாதி முகம் மட்டும் சொன்னபடி கேட்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சிரிக்காதம்மா," என்றேன்.

"நான் சிரிக்கல அண்ணாச்சி."

"இடது பக்கம் சிரிக்குதே."

"அது சிரிக்குது. நான் சிரிக்கல."

காமெராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நேரே பார்த்தேன். வலது பக்கம் பருத்தழும்புகள் குழிகுழியாக இறங்கி, நகைக்கடைக் கிடங்கில் நாள் முழுக்க நின்ற களைப்போடு சும்மா இருந்தது. இடது பக்கம் வழவழவென்று மேலே ஏறி, உதட்டோரம் ஒரு குழி விழுந்து, வாசலில் யாரோ வரும் சத்தம் கேட்டதுபோல் நின்றது. நடுவில் மூக்கு, இரண்டு கட்சிக்கும் பொதுவாக. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை.

அவள் பெயர் ஆவுடைச்செல்வி. வயது இருபத்தைந்து. இடம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் தோல் மருத்துவமனையின் படப்பிடிப்பு அறை. நான் அங்கே படம் பிடிக்கிறவன். அதற்குமுன் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பிலிம் இருந்த காலத்தில் கல்யாணப் பெண்களின் பருக்களை நெகட்டிவில் பென்சிலால் தடவி மறைத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் டாக்டர் செண்பகவடிவைவிடத் தோல் வைத்தியத்தில் எனக்கு அனுபவம் கூடுதல். என் கைப்பட்ட பெண்களில் ஒருவருக்கும் பக்கவிளைவு வந்ததில்லை. மாப்பிள்ளைகளுக்கு வந்திருக்கலாம்.

டாக்டர் அப்போது ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். பருத்தழும்புக்கு இரண்டு கூட்டு வைத்தியங்களில் எது மேல் என்று பார்ப்பது. நாற்பது பேர். ஆளுக்கு ஆள் தோல் மாறும் என்பதால் ஒரே முகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டு கன்னத்திலும் முதலில் பொடி ஊசிகள் வைத்த உருளையை ஓட்டுவார்கள். அதன்மேல் வலது கன்னத்துக்கு அந்த ஆளின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிவு. இடது கன்னத்துக்குப் புதுமருந்து. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் ரிவர்ஸ் ஊசி என்பார்கள்.

"ஏற்கெனவே உள்ள தழும்ப அழிச்சா அழிச்ச தடம் இருக்கும் அண்ணாச்சி," என்று டாக்டர் எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். "இது அழிக்காது. தோலோட ஒவ்வொரு அணுவையும் பரு வாரதுக்கு முந்தின வயசுக்குக் கொண்டுபோயிரும். தழும்பே நடக்காத காலத்துக்கு."

"அந்தக் காலத்துல வேற என்ன நடந்துச்சுன்னு அதுக்குத் தெரியுமா?"

"தோலுக்கு என்ன தெரியும்," என்றார்.

எல்லோரையும் காலை பத்து மணிக்கு, கண்ணை மூடச் சொல்லி, எந்த உணர்ச்சியும் இல்லாமல் படம் பிடிக்க வேண்டும் என்பது விதி. படங்கள் சென்னைக்குப் போகும். எந்தப் பக்கம் என்ன மருந்து என்று தெரியாத மூன்று பேர் மார்க் போடுவார்கள். எட்டு வாரத்தில் இடது கன்னங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வலது கன்னங்கள் சுமாராகப் பாஸாகிக்கொண்டிருந்தன. ஆவுடைக்கு மட்டும் கடையில் காலையில் லீவு கொடுக்கவில்லை. அதனால் சாயங்காலம் வந்தாள். அதனால்தான் விஷயம் தெரிந்தது.

தெரிந்த பிறகு மற்ற முப்பத்தொன்பது பேரையும் கேட்டோம். எல்லோரும் தனக்கு மட்டும்தான் இப்படி, வெளியே சொன்னால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மேலப்பாளையத்தில் தையல்கடை வைத்திருந்த ஒருவருக்கு நாலு மணியானால் இடது கன்னம் உப்பும். வாய்க்குள் ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் எலந்தவடையை அந்தப் பக்கம் அதக்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கமாம். நாற்பது நிமிஷம் கழித்துக் கரைந்து வடியும். ஒரு தமிழ் வாத்தியாருக்கு இடது தாடை திடீரென்று வீங்கி ஒன்பது நாள் இருந்தது. பொன்னுக்குவீங்கி. கிருமி எதுவும் இல்லை. அவர் பதின்மூன்று வயதில் அதே நோய்க்கு எழுதிய லீவு லெட்டரைப் பழைய பெட்டியிலிருந்து தேடிக் கொண்டுவந்தார். அதில் தேதி இருந்தது.

டாக்டர் அந்தத் தேதியைப் பார்த்தார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கன்னம் போன இடத்துலயே நிக்கல அண்ணாச்சி. நடக்குது. நமக்கு ஒரு நாள் போனா அதுக்கும் ஒரு நாள் போவுது. நமக்குப் பின்னால வருஷக்கணக்குல தள்ளி, நம்ம கூடவே வந்துகிட்டு இருக்கு."

ஆவுடையின் கன்னம் எந்த நாளில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவளைத் தினமும் சாயங்காலம் வரச் சொன்னோம். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தாள். அம்மாவையும் கூட்டி வந்தாள். உலகம்மாள் என்று பெயர். மெலிந்த, அதிகம் பேசாத மனுஷி. வெறும் கையும் வெறும் கழுத்துமாக வந்து சுவரோரம் நின்றார்.

அன்று ஐந்தரைக்குக் கன்னம் ஏறியது. ஐந்து முப்பத்தெட்டுக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் அமுங்கின. நடுவில் தோல் மடிந்து ஒரு திருகு திருகியது. பிறகு விட்டது. இரண்டு புள்ளியும் சிவந்தன. அறையில் நாங்கள் மூன்று பேர். மூன்று பேர் கையும் அவரவரிடம் இருந்தது.

உலகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவுக வந்துட்டாவ," என்றார்.

ஆவுடையின் அப்பா டவுன் பஸ் கண்டக்டர். பகல் டூட்டி முடித்து ஐந்தரைக்கு மேல் வீட்டுக்கு வருவார். பையைக் கழற்றுவதற்கு முன் மகளின் கன்னத்தைப் பிடித்து, டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரு திருகு. அவளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது பஸ் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூன்று வாரத்தில் அவளுக்கு முதல் பரு வந்தது. பிறகு முகம் முழுக்க.

அன்றிலிருந்து உலகம்மாள் ஒரு நாள் தவறவில்லை. மகளுக்கு இடது பக்கமாக நாற்காலி போட்டு உட்காருவார். ஐந்து முப்பத்தெட்டுக்கு அந்தப் புள்ளிகள் விழும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார். எனக்கு எழுபத்தாறு வயது. எத்தனையோ இழவு வீட்டில் படம் பிடித்திருக்கிறேன். செத்தவரைச் சாய்த்து உட்காரவைத்தும் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் லைட்டைச் சரிசெய்கிற சாக்கில் நான் திரும்பி நின்றுகொள்வேன்.

ஏழு நாளுக்கு ஒருமுறை கன்னம் சும்மா இருந்தது. அது அவருடைய வார விடுப்பு. உலகம்மாள் கணவரின் டூட்டி நோட்டைக் கொண்டுவந்தார். ஒரு புதன்கிழமை கன்னம் ஐந்தரைக்கு ஏறி, ஏழு மணிவரை காத்திருந்து, வாடிப் போனது. நோட்டில் ஒரே ஒரு நாள் அவர் இரட்டை டூட்டி பார்த்திருந்தார். அதை வைத்து டாக்டர் தேதியைப் பிடித்துவிட்டார்.

பிடித்ததும் சங்கடம் வந்தது.

"பன்னெண்டாவது வாரம் அடுத்த ஊசி," என்று டாக்டர் ஆவுடையிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். "வார திங்கக்கிழமை. போட்டா கன்னம் மறுபடி அப்பா இருந்த அந்த ஆகஸ்டு மாசத்துக்கே போயிரும். போடலன்னா நடந்துகிட்டே இருக்கும். அப்பா தவறினது நவம்பர் பதினேழுதானே?"

"ஆமா."

"உன் கன்னத்துக்கு அந்தத் தேதி புதன்கிழமை வருது."

ஆவுடை விரல்விட்டு நாள் எண்ணினாள். "அதத் தாண்டிப் போனா?"

"பரு வரும். வந்த மாதிரியே வரும். தழும்பும்தான்."

"ஊசி போட்டா?"

"வருஷத்துக்கு நாலு தடவ போட்டுகிட்டே இருந்தா, அந்தப் பக்கம் உனக்கு எப்பவும் பதினாலு வயசு. எது ஜெயிக்குதோ அத மத்த பக்கத்துக்கும் இனாமாப் போடணும்னு எங்க ஆய்வுல விதி. வலது பக்கமும் சரியாயிரும்."

"அப்ப முகம் முழுக்க அப்பாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இந்த மாதிரிக் கேள்விக்கு அவர் படித்த புத்தகத்தில் பாடம் இல்லை.

ஊசி போட்டுக்கொள்ள ஆவுடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நகை விற்பதில் கெட்டிக்காரி. முகத்தைப் பார்த்துத்தான் கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள். இடது கன்னம் தெளிந்ததும் மேனேஜர் கூப்பிட்டு, கம்மல் கவுண்டரின் ஓரத்தில், வாடிக்கையாளருக்கு இடது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி நிற்க வைத்திருந்தார். "இன்னொரு பக்கமும் முடிஞ்சா நடுக் கவுண்டருக்கு வந்துரு" என்று சொல்லியிருந்தார். சுவரில் மாட்டிய படம் மாதிரி ஒரு பக்கமாகவே நின்று அவள் கழுத்து சுளுக்கிக்கொண்டது தனிக் கதை.

மறுநாள் நான் தேநீர்க்கடையில் நிற்கும்போது உலகம்மாள் தேடிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னா அவ கேப்பா."

"என்ன சொல்லணும்?"

"ஊசியப் போட்டுக்கிடச் சொல்லுங்க. அந்தப் புதன்கிழம வரக்கூடாது."

"ஏம்மா?"

அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவுகள எனக்கு ஒருதடவ பறிகொடுத்தது போதும்லா. தெனமும் வாராவ, போறாவ. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? இன்னும் ஒரு வருசம் வந்துட்டுப் போகட்டுமே."

என் மனைவி போய் ஒன்பது வருஷம். அவள் என் கன்னத்தைத் திருகியதில்லை, வேறு விதமாகத் திருகியிருக்கிறாள். உலகம்மாளுக்காக ஆவுடையிடம் பேசினேன்.

"எம்மாவுக்கு வேணும்னு எனக்குத் தெரியுது அண்ணாச்சி," என்றாள். "ஆனா ஒண்ணு கேளுங்க. எங்கப்பா செத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னே எனக்கு நெனவில்ல."

"சின்னப் பிள்ளதானே."

"பதினாலு வயசு அண்ணாச்சி. அன்னைக்குக் காலைல சாப்பிட்ட இட்லிகூட நெனவு இருக்கு. சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் இல்ல. மறுநாள் வாசல்ல பந்தல் கெடக்கு, எல்லாரும் அழுதாவ, நான் அழாம நிக்கேன். அதுக்கு எடையில யாரு எங்கிட்ட வந்து சொன்னா, நான் என்ன செஞ்சேன், ஒண்ணும் தெரியாது. எம்மாட்ட கேட்டா அடுப்படிக்குள்ள போயிரும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போற?"

"அப்பா வாரார்னு தெனமும் ஒரு கன்னம் மட்டும் சந்தோசப்படுது. அது எம் மூஞ்சிதான், ஆனா எங்கிட்ட கேக்கறதில்ல. அதுக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்ச மாதிரி அதுக்குத் தெரியல. ரெண்டு பேரும் அந்த நாளப் பாத்துட்டா ஒரே ஆளாயிருவோம்லா."

"நடுக் கவுண்டர்?"

"அது கெடக்கட்டும்."

திங்கள்கிழமை டாக்டர் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஆவுடை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உலகம்மாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போடுங்கம்மா, நான் பெத்தவதானே" என்று கேட்டார். டாக்டர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

புதன்கிழமை ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை அசையாமல் இருக்கப் பின்னால் ஒரு தாங்கி உண்டு, அதில் சாய்ந்துகொண்டாள். நான் காமெராவைப் பத்து விநாடிக்கு ஒரு படம் தானே எடுக்கும்படி வைத்தேன். டாக்டர் பக்கத்து அறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

ஐந்தே கால் இருக்கும். உலகம்மாள் எழுந்து வந்து, தன் வலது உள்ளங்கையை மகளின் இடது கன்னத்தில் வைத்து மூடிக்கொண்டார்.

"கைய எடும்மா, லைட்ட மறைக்கு," என்றேன்.

அவர் எடுக்கவில்லை.

"எம்மா, என்ன செய்த?" என்றாள் ஆவுடை.

"சும்மா இரி."

அவள் சும்மா இருந்தாள். அம்மா தொடுகிற சுகத்துக்கு இருந்திருப்பாள்; அந்த வீட்டில் அது அடிக்கடி கிடைக்கிற பண்டமாகத் தெரியவில்லை.

ஐந்தரை ஆயிற்று. கன்னம் ஏறியதை நான் பார்க்க முடியவில்லை. ஆனால் உலகம்மாளின் கை ஏறுவதைப் பார்த்தேன். உள்ளங்கைக்குக் கீழே அது சிரித்தது. இத்தனை நாளில் இல்லாத அளவுக்குச் சிரித்திருக்க வேண்டும். கை நன்றாகவே உயர்ந்தது. அவர் இன்னும் அழுத்தி மூடினார். நெருப்பு பிடிக்காமல் இருக்க எதையோ அமுக்கி வைக்கிறவரைப் போல.

ஐந்து முப்பத்து மூன்றுக்கு ஆவுடையின் தலை வெடுக்கென்று வலது பக்கம் திரும்பி, தாங்கியில் இடித்தது. சத்தம் ஒன்றும் இல்லை. சத்தம் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கும்.

உலகம்மாள் சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை எடுத்தார்.

கன்னத்தில் ஐந்து விரல். முதலில் வெள்ளையாக, பிறகு சிவப்பாக, பிறகு தடித்து. நாலு விரல் குறுக்கே. பெருவிரல் கண்ணுக்குக் கீழே. மோதிர விரலின் அடியில் மட்டும் ஒரு வரி ஆழமாக வெட்டியிருந்தது. உலகம்மாளின் கையைப் பார்த்தேன். அதில் மோதிரம் இல்லை. அப்போது இருந்திருக்கும்.

ஆவுடை எழுந்து சுவர்க் கண்ணாடியின் முன் போய் நின்றாள். தன் கையை அந்தத் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. திரும்பி வந்து அம்மாவின் வலது கையைத் தூக்கினாள். உலகம்மாள் தடுக்கவில்லை. விரல் விரலாக அதைத் தன் கன்னத்தில் வைத்தாள். பொருந்தியது.

"எம்மா," என்றாள்.

உலகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். சொல்லிச் சொல்லிப் பழகிய மாதிரி வந்தது. யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

"பக்கத்து வீட்டு போனுக்குச் சொல்லி அனுப்பிட்டாவ. நான் வீட்டு முத்தத்துல நிக்கேன். வாசல்ல யாரோ பைக்குல வந்த சத்தம் கேக்கு. டிப்போக்காரங்க ரெண்டு பேரு. நீ அப்பான்னு நெனச்சு உள்ள இருந்து ஓடி வார. கன்னத்த நீட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு. அங்க அவுக செத்துக் கெடக்காவ, இவ பல்லக் காட்டிக்கிட்டு ஓடுதாளேன்னு." அவர் நிறுத்தினார். "உனக்கு யாரும் இன்னும் சொல்லலன்னு அந்நேரம் எனக்கு ஓடல பிள்ள."

"அப்ப எனக்குச் சொன்னது நீதானா?"

உலகம்மாள் தலையசைத்தார்.

"யாரு சொன்னான்னு பதினோரு வருசமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அதுக்குப் பொறவு நீ சிரிக்கவே இல்ல. பரு வந்துச்சு. எல்லாரும் வயசுன்னாவ. எனக்கு எங்கையப் பாக்கப் பிடிக்கல."

தேநீர்க்கடையில் அவர் என்னிடம் கேட்டது கணவர் வருவதை அல்ல, இந்த அடி வராமல் இருப்பதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் லைட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பினாலும் கண்ணாடியில் தெரிந்தது. ஆவுடையின் இடது கன்னம் கோணியது. பதினான்கு வயதுப் பிள்ளை விம்முகிற விம்மல். உதட்டின் பாதி மட்டும் இழுத்தது, ஒரு பக்க மூக்கு மட்டும் விரிந்தது. வலது பக்கம் ஒரு சொட்டு இல்லை. வலது பக்கம் வயது வந்தவளாக, அசையாமல், அழுகிற பிள்ளையைக் கூட்டத்தில் தூக்கி வைத்திருக்கும் பெண்ணைப்போல இருந்தது. அவள் தன் வலது கையால் இடது கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"வலிக்கா?" என்றார் உலகம்மாள்.

"இப்ப இல்ல. அன்னைக்கு வலிச்சிருக்கும்போல."

துடைத்துக்கொண்டே, "அடிச்சுட்டு என்னம்மா செஞ்ச?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல. அவுகளத் தூக்கிட்டு வந்துட்டாவ."

"சரி. இப்ப செய்யி."

உலகம்மாளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊதினார். சுடுகஞ்சியை ஆற்றுவதுபோல அந்தக் கன்னத்தில் ஊதிக்கொண்டே இருந்தார். தடம் மறைய நாற்பது நிமிஷம் ஆயிற்று.

டாக்டர் வந்தபோது இருவரும் போய்விட்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஒரு பரபரப்பு; மருத்துவ உலகத்தில் யாரும் பிடிக்காத படம் அது.

"கெடைச்சுதா அண்ணாச்சி?"

"இல்லம்மா. பேட்டரி தீர்ந்துபோச்சு."

அந்தக் காமெரா சுவரில் செருகிய கரண்டில் ஓடுவது. அவர் ஒயரைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, போங்க," என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

இருபதாம் நாள் ஆவுடைக்கு இடது தாடையில் முதல் பரு வந்தது. மேனேஜர் மறுபடி கிடங்கு என்றார். அவள் பேச்சை வளர்க்காமல் எதிர்த்த கடைக்குப் போய்விட்டாள். இப்போது இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நின்று வளையல் விற்கிறாள். கன்னம் ஐந்தரைக்கு ஏறுவதில்லை. அவள் சிரித்தால் முழுசாகச் சிரிக்கிறாள், அதுவும் அபூர்வம். ஆய்வின் முடிவு வெளியாயிற்று. அதில் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

படங்கள் என்னிடம் இருந்தன. இருநூறுக்கும் மேல். ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தோல் படத்தில் இவ்வளவு துல்லியம் நான் கண்டதில்லை. மோதிரத்தின் வளையம் பதிந்த இடம்கூடத் தெரிந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. ஒப்புதல் தராதவருடைய உடம்பின் எந்தப் பாகமும் எங்கள் படத்தில் இருக்கக் கூடாது. அந்த ஐந்து விரலும் உலகம்மாளுடையவை. அவரிடம் நாங்கள் கையெழுத்து வாங்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.